சிற்றலைப் பெட்டிகள் – 7: கட்டைக்கும் போர்டுக்கும் நடுவே

கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் இருந்தது. திருவண்ணாமலைத் தேரடி வீதியில் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. செங்கம் பக்கத்து ஊரிலிருந்து வந்த பெரியவர், துண்டில் சுற்றிக்கொண்டு வந்த டிரான்சிஸ்டர் ரேடியோவை என் மேஜையில் வைத்தார்.

"மீடியம் வேவ்ல புதுச்சேரி கேக்குது தம்பி. சத்தம் கூட்டினா குழறுது. ஷார்ட் வேவ்ல மூச்சே இல்ல. காயில் போச்சுன்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க. பேட்டரிக் கட்டை நாலும் நேத்துதான் புதுசாப் போட்டேன்."

காயில் போயிருந்தால் மாற்றுக் காயிலுக்கு இன்று எங்கே போவது? அந்தச் சொல்லோடு எத்தனையோ செட்டுகள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போய்விட்டன. என் கைக்கு வந்தவற்றில் பல, மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேராததால் மட்டுமே ஊமையானவை.

மின்சாரம் குறைந்தால் ஷார்ட் வேவ் ஏன் முதலில் சாகிறது? செட்டுக்குள் ஆசிலேட்டர் என்ற சிறு பகுதி, தானே ஓர் அலையை உண்டாக்குகிறது. பெரும்பாலான செட்டுகளில் அது நாம் கேட்கும் நிலையத்தைவிட 455 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடும். புதுச்சேரி 1215 என்றால் ஆசிலேட்டர் 1670. 31 மீட்டர் பட்டையில் 9500க்கு வைத்தால் அது 9955 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும். ஏறக்குறைய ஆறு மடங்கு வேகம். பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு அந்த வேகத்தில் தெம்பு குறைவு. வோல்டேஜ் சற்று இறங்கினாலும் ஆசிலேட்டர் நின்றுவிடும். மீடியம் வேவ் மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

அதனால் நான் முதலில் எடுப்பது மல்டிமீட்டர். அளப்பது செட் பாடும்போதுதான். அணைத்து வைத்த செட்டில், ஓய்ந்த கட்டைகூட நல்ல வோல்டேஜ் காட்டும். பெரியவரின் நாலு கட்டைகளுக்கும் சேர்த்து 6.2 வோல்ட் இருந்தது. அதே நேரத்தில் போர்டில் 4.3. நடுவே 1.9 வோல்ட் காணவில்லை.

பின்மூடியைக் கழற்றினேன். திறந்தால் உள்ளே யாரும் இல்லை, ஆனாலும் பாடுகிறது, பேசுகிறது என்று ரேடியோவைத் தம் உடம்புக்கு உவமை சொன்னவர் இந்த ஊரின் ரமணர். பழுது பார்க்க உட்காரும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும். உள்ளே இருப்பது மின்சாரம் போகும் ஒரு வழி மட்டும்தான்: கட்டை, ஸ்பிரிங், எலிமினேட்டர் (கட்டைக்குப் பதிலாகச் செருகும் அடாப்டர்) சாக்கெட், வால்யூமோடு சேர்ந்த ஸ்விட்ச், போர்டு. செட்டைப் பாடவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல இணைப்பில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். வோல்டேஜ் எங்கே காட்டுகிறதோ, அங்கே தடை.

ஸ்பிரிங்கில் ஒன்றுமில்லை. எலிமினேட்டர் சாக்கெட்டில் 1.6. ஸ்விட்சில் 0.3. கணக்கு சரியாகிவிட்டது.

இந்தச் சாக்கெட்டைப் பலரும் சந்தேகிப்பதே இல்லை. எலிமினேட்டர் பின்னைச் செருகினால் கட்டைகளைத் துண்டிக்க அதற்குள் ஒரு தகடு உண்டு. பின் இல்லாதபோது கட்டை மின்சாரம் முழுவதும் அந்தத் தகட்டின் வழியாகத்தான் போகும். தகட்டில் களிம்பு ஏறினால், எலிமினேட்டரில் பாடும் செட் கட்டையில் பாடாது. கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, பின்னைப் பலமுறை செருகி எடுத்தேன். ஸ்விட்சிலும் அதேபோல் விட்டு, இருபது முறை போட்டு அணைத்தேன்.

ஸ்பிரிங்கில் கசிவு இருந்தால் வேலை வேறு. சாதாரணக் கட்டையின் கசிவு அமிலத்தன்மை உடையது. சோடா உப்புக் கரைசலால் துடைக்க வேண்டும். ஆல்கலைன் கட்டையின் கசிவு காரம். அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓய்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். சூட்டில் ரசாயன வேலை சற்று விரைவதால் ஒரு செய்தி அறிக்கை கேட்கும் அளவுக்கு உயிர் வரும். ஆனால் ஓய்ந்த கட்டையின் துத்தநாகக் கூடு ஏற்கெனவே அரித்து மெலிந்திருக்கும், கசிவதும் அதுதான்.

வழி முழுதும் சரியாக இருந்தும் சத்தம் கூட்டினால் 'டப டப' என்று படகு மோட்டார் போல அடித்தால், சப்ளைக்குக் குறுக்கே உள்ள பெரிய கண்டென்சர் காய்ந்துவிட்டது என்று பொருள். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், வோல்டேஜ் குறையாமல் புதிது போடுங்கள்.

எலிமினேட்டர் வாங்குவோருக்கு இரண்டு சொல். பின்னின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பது செட்டுக்குச் செட்டு மாறும். சாக்கெட் அருகிலுள்ள படத்தைப் பார்க்காமல் செருகாதீர்கள். பழைய ஜெர்மானியம் செட்டுகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். அடுத்தது, இன்றைய எடை குறைந்த அடாப்டர்கள் பல ஷார்ட் வேவ் முழுதும் இரைச்சலை நிரப்பிவிடும்; டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமானதே நல்லது. செட்டுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அங்கே 230 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைக் கழற்றாதீர்கள்.

பெரியவரின் போர்டில் இப்போது 6.1 வோல்ட். இருட்டியபின் ஏரியலை நீட்டி 31 மீட்டருக்கு மாற்றினேன். ஏதோ ஒரு மொழியில் ஒரு பெண் குரல் ஏறி இறங்கி வந்தது. இரவு 9.15க்குப் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்தவர் அவர். 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. அதை நான் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும் தம்பி," என்றார். "கடைசி நாளும் இதுலதான் கேட்டேன்." முள்ளை மெல்ல நகர்த்தி, குரல் தெளிந்த இடத்தில் நிறுத்தினார். புரியாத அந்த மொழியைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் செட்டைத் துண்டில் சுற்றினார்.

(அடுத்த வாரம்: பேண்ட் ஸ்விட்சின் கரகரப்பு)