மைக் இல்லாத கச்சேரி!

“மைக் செட்டுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன்.

“மைக்கா? எதுக்கு அத்தை? எங்க அப்பத்தா குரல் இந்தக் கூடத்துக்குத் தாராளமாப் போதும்!” என்று சிரித்தாள் அந்த வீட்டுப் பெண். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்திருப்பவள்.

எங்கள் புதுவாயலைத் தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு பக்கம் கல்கத்தா நெடுஞ்சாலை. லாரிகளும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும் ஓயாது. இன்னொரு பக்கம் பெரியபாளையம் சாலை. ஆடி மாதம் பிறந்தால் பவானி அம்மன் கோயிலுக்குப் போகும் வண்டிகளில் பாட்டு அலறும். இந்த ஊரில் மைக் இல்லாமல் ஒரு கச்சேரி. அதுவும் சாதாரணக் கச்சேரி அல்ல, ‘ஆல்பம்’ வெளியீடு!

இப்போது நகரங்களில் சில இளைஞர்கள் தாங்களே பாட்டெழுதி, மெட்டமைத்து, ஒரு கிதாரை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். ஆல்பம் வெளியாகும்போது சின்ன அறை ஒன்றில் முப்பது, நாற்பது பேரை மட்டும் உட்கார வைத்துப் பாடிக் காட்டுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்ணின் தம்பி சென்னையில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, “நம்ம அப்பத்தாவும் சொந்தமாத்தானே பாட்டுக் கட்டுறாங்க? அவங்களுக்குச் செஞ்சா என்ன?” என்று ஆரம்பித்தானாம். செல்போனிலேயே ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டான்.

பாட்டிக்குப் பூர்வீகம் சிவகங்கைச் சீமை. மகனுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தவர். “யார் எழுதிக் கொடுத்த பாட்டு பாட்டி?” என்று கேட்டேன். “எழுதவா? நாத்து நடையில வாயில வந்ததைப் பாடுறதுதான் தாயி!” என்றார்.

ஜமக்காளத்தில் இருபது பேர் உட்கார்ந்தோம். டி.வி.யும் மின்விசிறியும் நிறுத்தியாயிற்று, கையில் விசிறி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையைப் பாட்டி சொன்னார். ஒன்று களையெடுப்பில் வந்தது. ஒன்று மழை பொய்த்த வருஷத்தில். கடைசியாக, மகனுக்காகக் கட்டிய தாலாட்டு. மூன்றாவது அடியில் பாட்டி நின்றுவிட்டார். வார்த்தை வரவில்லை.

சினிமாப் பாட்டாக இருந்தால் யாராவது அடியெடுத்துக் கொடுத்திருப்போம். இது அவரே கட்டியது. அந்த அடி அவரிடம் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கெல்லாம் திக்கென்றது. பாட்டி மட்டும் கலங்கவில்லை. ஒரு வாய் வெந்நீர் குடித்தார். பேத்தியின் வயிற்றைப் பார்த்தார். வரப்போகும் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி புதிதாக ஓர் அடி கட்டிப் பாடி முடித்தார்!

“எங்க பக்கத்துக் கருப்பாயி அக்கா இப்படித்தான், நின்ன எடத்துல பாட்டுக் கட்டும்” என்றார் பிறகு. கொல்லங்குடி கருப்பாயியை நினைவிருக்கிறதா? 1985ல் வந்த பாண்டியராஜனின் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக நடித்துப் பாடியவர். சினிமாவுக்கு முன்பே வானொலியில் பாடியவர். 1993ல் கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூனில், 99ஆம் வயதில் காலமானார். வானொலியும் சினிமாவும் பிடித்து வைத்ததால் அவர் குரல் நம்மிடம் இருக்கிறது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியைப் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்ததால் எத்தனையோ பாட்டுகள் பிழைத்தன. யாரும் போய்க் கேட்காத வீடுகளில் இருந்த பாட்டுகள்?

தாலாட்டு வெறும் சம்பிரதாயமும் அல்ல. கர்ப்பத்தின் ஆறாம் மாத முடிவிலேயே சிசு ஓசைகளை உணரத் தொடங்குகிறது. 1980ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு ஒரு சூப்பானைக் கொடுத்துப் பார்த்தார்கள். சப்பும் விதத்தைப் பொறுத்துத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் கேட்கும்படியே சப்பினவாம்! ஆகவே ‘எனக்குக் குரல் நன்றாயில்லையே’ என்ற கூச்சமே வேண்டாம். உங்கள் குழந்தைக்கு உங்களைவிட நல்ல பாடகி கிடையாது.

நீங்களும் இப்படி ஒரு கச்சேரி வைக்கலாமே! சில யோசனைகள்:

* பாடுபவர் சுவரோரமாக உட்காரட்டும். அரை மணிக்கு மேல் தொடர்ந்து பாட வைக்காதீர்கள். இடையிடையே வெதுவெதுப்பான நீர் கொடுங்கள். 

* பதிவு செய்யும்போது நடுவில் அழைப்பு வராதபடி போனை அமர்த்தி, மடித்த துணியின் மேல் ஒரு முழ தூரத்தில் வையுங்கள். பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

* பாட்டு வரிகளை ஒரு நோட்டில் எழுதி, யார், எந்த ஊரில், என்ன வேலையின்போது பாடியது என்றும் குறியுங்கள்.

* மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

* வேறு விசேஷங்களில் ஒலிபெருக்கி இருந்தால் கைக்குழந்தையோடு அதன் அருகில் உட்காராதீர்கள். பிஞ்சுக் காது தாங்காது.

கச்சேரி முடிந்ததும், வெற்றிலை பாக்கு, பழத்தோடு தாம்பாளத்தில் ஒரு பென் டிரைவ் வந்தது. அதுதான் ஆல்பம்! முதல் பிரதியைப் பேத்தி வாங்கிக்கொண்டாள். “பாப்பாவுக்குத் தினமும் இதைப் போட்டுடறேன் அப்பத்தா” என்றாள்.

“அது பெட்டியில பத்திரமா இருக்கட்டும். நீ கத்துக்கிட்டுப் பாடுடி!” என்றார் பாட்டி.

அன்று இரவு, நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தின் நடுவே, பக்கத்து வீட்டிலிருந்து அந்தத் தாலாட்டு கேட்டது. சுருதி கொஞ்சம் முன்னே பின்னேதான். ஆனால் புதிதாகக் கட்டிய அந்த மூன்றாவது அடியைப் பெண் தவறவிடவில்லை.

உங்கள் வீட்டுப் பாட்டியிடம் எத்தனை பாட்டு இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்களேன்!