தென்னை உங்களுடையது, தேங்காய் யாருடையது தெரியுமா?

வில்லியனூரில் தோட்டத்தோடு சேர்த்து வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். கொல்லையில் இரண்டு தென்னை. தேங்காய் யாருக்கு? "மரம் என்னுடையதுதானே!" என்கிறீர்களா? பொறுங்கள்! ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், இடத்தின் விளைபொருளைக் குடியிருப்பவர் அனுபவிக்கலாம் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு! அதுவும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம்! மரத்தை வெட்ட மட்டும் அவருக்கு உரிமை இல்லை. ஆகவே வீட்டுக்காரர்களே, கையெழுத்துப் போடும் முன் தேங்காயை எழுதிவிடுங்கள்!

இன்னொன்று தெரியுமா? குடியிருப்பவர் தன் செலவில் போட்ட கொட்டகையைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டே போகலாம்! இடம் பழையபடி இருந்தால் போதும்!

கூரை ஒழுகுகிறது. செய்து தருவது வீட்டுக்காரர் பொறுப்பு, சொல்லியும் அவர் அசையவில்லை. என்ன ஆகும்? குடியிருப்பவரே சரிசெய்து, செலவை வாடகையில் கழிக்கலாம்... வட்டியோடு!

வயல் குத்தகைக்கு இந்த விதிகள் தாமாகப் பொருந்தாது. அங்கே உழுபவரைக் காக்கத் தனிச் சட்டம்!

எல்லா ஒப்பந்தமும் ஏன் 11 மாதம்? ஒரு வருடத்தைத் தாண்டினால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும். அந்த ஒரு மாதக் குறைவுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்!

வருமான வரியில் ஓர் ஆச்சரியம்! கொம்யூன் பஞ்சாயத்தில் கட்டிய வீட்டு வரியை வாடகையில் கழியுங்கள். மிச்சத்தில் 30 சதவீதம் தானாகத் தள்ளுபடி! வெள்ளையடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும்! வரி ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இடத்தின் வருமானம் இன்று நேற்றுக் கதையல்ல; இப்போது பாகூருக்கு வாருங்கள். 9-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கல்லூரி இருந்தது தெரியுமா? அதன் செலவுக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டவை ஒன்றல்ல, இரண்டல்ல, 3 ஊர்கள்! பாகூர்ச் செப்பேடு சொல்கிறது! ஊர்களின் வருமானத்தில் கல்லூரி நடந்தது!

இன்றோ இதே பாகூர் கொம்யூனில், கிருமாம்பாக்கத்தில் ஒன்று, பிள்ளையார்குப்பத்தில் ஒன்று என 2 மருத்துவக் கல்லூரிகள்! படிக்க வருகிறவர்களை நம்பி மாடியில் ஓர் அறை எழுப்பி, கேட்டில் 'டூ லெட்' அட்டை கட்டுகிறது ஊர்!