மின்சாரத்தால் கறுக்கும் கண்ணாடி: ஆக்கவுரிமை எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

வெயிலில் இறங்கியதும் கறுத்து, நிழலுக்குள் வந்ததும் தெளிந்துவிடும் மூக்குக்கண்ணாடி இன்று பலருக்கும் பழக்கமான பொருள். அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் ஆர்மிஸ்ரெட், ஸ்ரான்லி ஸ்ரூக்கி ஆகியோர் 1960களில் உருவாக்கிய கண்ணாடியிலிருந்தே அது தொடங்குகிறது. அக்கண்ணாடிக்குள் பொதிந்திருந்த வெள்ளிச் சேர்வையின் நுண்மணிகள் கழியூதாக் கதிர் பட்டதும் கறுத்து, கதிர் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பின. ஆயினும் இவ்வகைக் கண்ணாடி வாகன ஓட்டிக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. காரின் முன்கண்ணாடியே கழியூதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் உள்ளே இருப்பவரின் கண்ணாடி கறுக்கத் தயங்குகிறது. கறுத்தது தெளிவதற்கும் சில நிமிடங்கள் செல்லும். சுரங்கப் பாதைக்குள் வாகனம் நுழையும்போது அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தானவை.

எனவே வில்லையை மின்சாரத்தால் கறுக்க வைத்தாலென்ன என்ற எண்ணம் பலருக்கும் தோன்றியதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அந்த எண்ணத்துக்கு ஒருவர் சட்டப்படி ஏகபோக உரிமை கோரும்போது நடைபெறும் விசாரணைதான். அமெரிக்க ஆக்கவுரிமை மற்றும் வர்த்தகக்குறி அலுவலகத்தின் பரீட்சகர் ஒருவரின் மேசைக்கு இத்தகைய விண்ணப்பம் வந்தால் அவர் என்ன செய்கிறார் என்பதை அறிவது, பேட்டன்ட் எனப் பொதுவாக அழைக்கப்படும் ஆக்கவுரிமை பற்றிய பல தவறான எண்ணங்களைக் களைய உதவும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். திரவப் பளிங்கு என்பது திரவத்தைப் போல் ஓடக்கூடியதும், பளிங்கைப் போல் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்பதுமான இடைநிலைப் பொருள். 1888இல் ஒஸ்திரிய தாவரவியலாளர் பிரெட்ரிக் றைனிற்சர் இதனைக் கண்டார். கைக்கடிகாரம் முதல் கையடக்கத் தொலைபேசி வரை பரவிய திரைகளுக்கு இதுவே அடிப்படை. கண்ணாடி வில்லையில் இதைப் பயன்படுத்தும் முறை எளிமையானது. ஒளி புகவிடும் மின்கடத்திப் பூச்சுள்ள இரு தகடுகளுக்கிடையே, சில மைக்ரோமீற்றர் மட்டுமே அகலமான இடைவெளியில் திரவப் பளிங்கு நிரப்பப்படுகிறது. அதனுள் நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட சாயமொன்றும் கலக்கப்படுகிறது. மின்னழுத்தம் கொடுத்ததும் திரவப் பளிங்கின் மூலக்கூறுகள் திரும்புகின்றன. வீட்டுக்காரர் திரும்பும் பக்கம் விருந்தாளியும் திரும்புவது போலச் சாய மூலக்கூறுகளும் உடன் திரும்புகின்றன. சாயம் ஒரு நிலையில் ஒளியை விழுங்கும், மறு நிலையில் விட்டுவிடும். இம்மாற்றம் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்.

விருந்தாளி உவமை எமதன்று. நியூஜேர்சியிலுள்ள ஆர்.சி.ஏ. ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் ஹைல்மையர் 1960களில் கண்டறிந்த இவ்விளைவு, விருந்தளிப்போர் - விருந்தாளி விளைவு என்ற பெயரிலேயே 1968இல் விஞ்ஞான ஏட்டில் வெளியாயிற்று. அந்தத் திகதியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சட்டகம், அதில் இரு வில்லைகள், ஒவ்வொரு வில்லையிலும் சாயம் கலந்த திரவப் பளிங்குப் படை, வெளிச்சத்தை அளக்கும் உணரி, அதன் அளவுக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று, ஒரு சிறு மின்கலம். இவையனைத்தும் சேர்ந்த கண்ணாடி தமக்கே உரியதென விண்ணப்பதாரர் கோருகிறார். விண்ணப்பத்தின் தலைப்பும், படங்களும், பக்கம் பக்கமாக நீளும் விபரிப்பும் உரிமையின் எல்லையை வரையறுப்பதில்லை. இறுதியில் எண்ணிடப்பட்டு நிற்கும் உரிமைக்கோரிக்கைகளே அவ்வெல்லையாகும். காணி உறுதியில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருப்பதைப் போன்றதே இது. வீட்டின் அழகை எவ்வளவு வர்ணித்தாலும் எல்லைக்கு அப்பாலுள்ள நிலம் எமதாகிவிடாது. இன்னார் கறுக்கும் கண்ணாடிக்கு ஆக்கவுரிமை பெற்றுவிட்டார் என்று செய்தி வரும்போது அது பெரும்பாலும் தலைப்பை மட்டும் படித்தவரின் செய்தியாகவே இருக்கிறது.

பரீட்சகர் கோரிக்கையை உறுப்புறுப்பாகப் பிரிக்கிறார். விண்ணப்பத் திகதிக்கு முன் உலகின் எந்த மொழியிலேனும் வெளியான ஒரே ஆவணத்தில் இந்த உறுப்புகள் அனைத்தும் காணப்படின் புதுமை இல்லை. கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். ஓர் உறுப்பேனும் குறைந்தால் அந்த ஆவணத்தைக் கொண்டு புதுமையை மறுக்க முடியாது. அப்போது அடுத்த கேள்வி எழுகிறது. துறையில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவர், கைவசமுள்ள பல ஆவணங்களை இணைத்து இவ்விடத்துக்கு எளிதாக வந்திருப்பாரா? வந்திருப்பார் எனக் காரணத்துடன் காட்ட முடியுமானால் அப்போதும் உரிமை மறுக்கப்படும்.

எமது கற்பனை விண்ணப்பம் இக்கேள்வியில் தப்புவது கடினம். சாயமும் திரவப் பளிங்கும் 1968இலேயே ஏட்டில் உள்ளன. 1974இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வைற், ரெய்லர் ஆகியோர், மூலக்கூறுகளைச் சுருளாக அடுக்கி, முனைவாக்கித் தகடின்றியே சாயத்தால் ஒளியை நன்கு தடுக்கும் முறையை வெளியிட்டனர். ஒளியை உணர்ந்து தானாகக் கறுக்கும் திரவப் பளிங்கு வடிகட்டியோ சுவீடனில் உருவான ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் 1981இல் ஒட்டுத் தொழிலாளரின் முகக்கவசத்துக்கு வந்துவிட்டது. வெல்டிங் தீப்பொறி எழுந்த கணமே அது இருளும். முகக்கவசத்தில் இருந்ததை மூக்குக்கண்ணாடிச் சட்டகத்துக்கு மாற்றுவது கண்டுபிடிப்பாகுமா? அமெரிக்க உயர் நீதிமன்றம் 2007இல் கே.எஸ்.ஆர். எதிர் ரெலிபிளெக்ஸ் வழக்கில், வாகன மிதியொன்றில் இலத்திரனியல் உணரியைப் பொருத்தியது பற்றித் தீர்ப்பளித்தது. அறிந்த உறுப்புகளை அறிந்த முறையில் இணைத்து எதிர்பார்த்த பலனையே பெறுவது பெரும்பாலும் வெளிப்படையானதே என்பது அத்தீர்ப்பின் சாரம். உணரியைப் பற்றிய வழக்காகையால் எமது கண்ணாடிக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

அப்படியாயின் இத்துறையில் ஆக்கவுரிமைக்குரியது எதுவுமே இல்லையா? உண்டு. அது பரந்த எண்ணத்தில் இல்லாமல் தடங்கல்கள் உள்ள இடங்களில் இருக்கிறது. முனைவாக்கி பொருத்திய வில்லை எவ்வளவு தெளிந்தாலும் பாதிக்கு மேற்பட்ட ஒளியை இழந்துவிடும். இரவில் அணிய முடியாது. முனைவாக்கியைக் கைவிட்டால் போதிய கருமை பெறுவது கடினம். மின்கலம் தீர்ந்துபோனால் வில்லை கறுத்தே நிற்குமா, தெளிந்துவிடுமா என்பது வாகன ஓட்டிக்கு உயிர் பற்றிய கேள்வி. தெளிந்து நிற்க வேண்டுமெனில் மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி திரவத்தையும் தகட்டின் பூச்சையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது வளைவு. தட்டையான திரையில் சில மைக்ரோமீற்றர் இடைவெளியைச் சீராகப் பேணுவதே பெரும்பாடு. இரு திசைகளிலும் வளைந்த பிளாஸ்ரிக் வில்லையில் அதைப் பேணுவது வேறொரு கலை. ஒகாயோ மாநிலத்தின் கென்ற் நகரிலுள்ள அல்பாமைக்ரோன் நிறுவனம் போர்விமானிகளின் தலைக்கவசத்துக்காக இப்பிரச்சினையில் உழைத்தே பின்னர் விளையாட்டுக் கண்ணாடிகளுக்கு வந்தது. விண்ணப்பதாரர் தமது அகன்ற கோரிக்கையைச் சுருக்கி, இத்தகைய குறிப்பான தீர்வொன்றுடன் நிறுத்திக்கொண்டால் உரிமை கிடைக்கலாம். முதற் சுற்றில் நிராகரிக்கப்படுவதும், கோரிக்கையைத் திருத்தி மீண்டும் வருவதும் இத்தொழிலில் அன்றாட நிகழ்வு.

ஆனால் பரீட்சகருக்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு விண்ணப்பத்தைப் படித்து, முன்னைய ஆவணங்களைத் தேடி, முடிவெழுதுவது வரை சராசரியாக இருபது மணித்தியாலத்துக்குக் கிட்டிய அவகாசமே அவருக்கு உண்டு. தேடலும் இலகுவானதன்று. ஒருவர் வில்லை என எழுதியதை இன்னொருவர் ஒளித்தடுப்பு என்பார். மற்றொருவர் ஒளி வால்வு என்பார். தலைக்கவசக்காரர் முகமறைப்பு என்பார். கண்ணாடி என்ற சொல்லே இல்லாத வெல்டிங் ஆவணம் ஒன்று தப்பிப் போனால், பொதுவுடைமையாக இருந்த அறிவு, விண்ணப்பத் திகதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருவரின் தனியுடைமையாகிவிடும். அதன்பின் அதே கண்ணாடியைச் செய்ய முனையும் சிறு தொழில் முயற்சியாளர், சரியோ பிழையோ, ஒரு வக்கீல் கடிதத்தைக் கண்டே பின்வாங்கக்கூடும். நீதிமன்றம் செல்ல அவரிடம் பணமிராது.

இதற்குப் பரிகாரமாகவே அமெரிக்கா 2011இல் இயற்றிய சட்டத்தின் கீழ், 2012 செப்ரெம்பர் 16 முதல், விண்ணப்பத்துடன் தொடர்பற்ற எவரும் முன்னைய வெளியீடுகளைப் பரீட்சகருக்குச் சமர்ப்பிக்க வழி செய்யப்பட்டது. விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதங்களில் வெளியிடப்படுகின்றன. அதிலிருந்து ஆறு மாதம், அல்லது முதல் நிராகரிப்பு, இவற்றில் எது பிந்தியதோ அதற்கு முன்பாகவும், உரிமை வழங்கும் அறிவித்தல் வருவதற்கு முன்பாகவும் ஆவணம் போய்ச்சேர வேண்டும். முதன்முறை அனுப்பும் மூன்று ஆவணங்கள் வரை கட்டணமில்லை. ஒவ்வோர் ஆவணமும் எவ்வகையில் பொருந்துகிறது என்று சுருக்கமாக எழுதினால் போதும். ‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்ற கோபத்துக்கு அங்கு இடமில்லை. திகதியுடன் கூடிய அச்சு ஆதாரம் வேண்டும். ஆர்வத்துடன் முன்வருவோர் பலர் விண்ணப்பத்துக்குப் பிந்திய திகதியுள்ள செய்திகளை அனுப்புவதும், கோரிக்கையை விட்டுச் சுருக்கக் குறிப்பை மட்டும் படித்து வாதிடுவதும் அவர்களது உழைப்பையே வீணாக்குகின்றன.

அச்சு ஆதாரத்தின் வலிமையை எமது பிராந்தியம் நன்கறியும். காயத்துக்கு மஞ்சள் இடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டபோது, அம்மா சொல்லித் தந்த வைத்தியம் என்ற வாதம் மட்டும் போதியதாக இருக்கவில்லை. இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆய்வு மன்றம் பழைய நூல்களையும், இந்திய மருத்துவச் சங்க ஏட்டில் 1953இல் வெளியான கட்டுரையையும் முன்வைத்த பின்னரே, 1997இல் அது இரத்தாயிற்று.

இலங்கையர் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. ஆக்கவுரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. அமெரிக்காவில் மட்டும் பெற்ற உரிமை இங்கு செல்லாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இங்கும் பெற்றிருந்தாலே செல்லும். இங்கு பதிவாகாத அமெரிக்க ஆவணமொன்றைப் படித்து அதன்படி இங்கு கண்ணாடி செய்து விற்கத் தடையில்லை. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும்போதே தடை எழும். உரிமைக்காலம் முடிந்தவையோ எங்கும் எவருக்கும் பொது. ஹைல்மையர் காலத்து ஆக்கவுரிமைகள் எல்லாம் காலாவதியாகிப் பல ஆண்டுகளாகின்றன. சாயம், தகடு, மின்சுற்று என அனைத்தும் வரைபடங்களுடன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.