புற்றுக் கட்டிகளின் பொது அடையாளமும் தனி அடையாளமும்

உடலில் புகும் அயற்பொருளை இனங்கண்டு அழிக்கும் ஆற்றல் வெள்ளணுக்களுக்கு உண்டு. இவ்வாறு இனங்காணப்படும் பொருளே ஆன்டிஜென் எனப்படும். புற்றுநோயோ வெளியிலிருந்து வருவதன்று. நம் சொந்த உயிரணுக்களே நெறி தவறிப் பெருகுவதாகும். அவற்றை உடல் அயலெனக் கண்டுகொள்ளுமா? கட்டிகள் யாவற்றுக்கும் பொதுவான அடையாளம் உண்டெனில் ஒரே தடுப்பு மருந்து பலருக்குப் பயன்படும். இல்லையெனில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி மருந்து வேண்டும்.

1957-ல் அமெரிக்காவில் பிரென், மெயின் என்னும் இருவர், மீதைல்கொலாந்திரீன் என்ற இரசாயனப் பொருளால் சுண்டெலிகளில் கட்டிகளை உண்டாக்கினர். கட்டி வளர்ந்து நீக்கப்பெற்ற எலி, அதே கட்டியை மீண்டும் பதித்தபோது எதிர்த்தது. அதே இரசாயனத்தால் வேறோர் எலியில் தோன்றிய கட்டியோ பெரும்பாலும் தடையின்றி வளர்ந்தது. காரணம் ஒன்றாயினும் அடையாளம் வெவ்வேறு என்பது தெளிவாயிற்று.

எனினும் 1979-ல் டிலியோ, ஓல்டு முதலியோர், இத்தகைய கட்டிகள் பலவற்றில் பொதுவாகக் காணப்படும் புரதம் ஒன்றை எலிகளின் எதிர்ப்பொருள்களைக் கொண்டு கண்டறிந்தனர். பி53 எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அதனை, அதே ஆண்டில் வேறு ஆய்வாளரும் தனித்தனியே கண்டனர். இயல்பான உயிரணுவில் இது மிகக் குறைந்த அளவில் இருந்து, கட்டுக்கடங்காப் பெருக்கத்தைத் தடுத்துக் காக்கிறது. அதன் மரபணு பழுதுபட்டால், பழுதான புரதம் உயிரணுவினுள் பெரிதும் குவிகிறது.

இம்முரண்பாட்டுக்கு விடை யாது? எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் பற்றிக்கொள்ளும்; ஆனால் உயிருள்ள அணுவின் உட்புறத்தை எட்டாது. டி-வெள்ளணுக்களோ, உயிரணுவின் மேற்பரப்பில் எடுத்துக்காட்டப்படும் சிறு புரதத் துணுக்குகளையே பார்க்கின்றன. மரபணுக்கள் பழுதுபடும் இடம் கட்டிக்குக் கட்டி வேறுபடுவதால் துணுக்குகளும் வேறுபடுகின்றன. ஒரே இடத்தில் பழுது நேர்ந்தாலன்றி அடையாளம் பொதுவாவதில்லை.

ஐதராபாத்தில் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்ற பிரமோத் ஸ்ரீவாஸ்தவா, டிலியோ, ஓல்டு ஆகியோருடன் 1986-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை செய்கிறது. கட்டியிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த புரதம், எந்தக் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டதோ அதற்கு எதிராகவே காப்பளித்தது. அப்புரதம் எல்லாக் கட்டிகளிலும் ஒன்றே என்பதும், அது சுமந்துவரும் துணுக்குகளே வேறு என்பதும் பின்னர் விளங்கின. தபால்காரரின் பை ஒன்றே, கடிதங்கள் வேறு.

பெங்களூரில் 1973-ல் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் தோன்றியது. 1982 முதல் நகரின் புற்றுநோயாளர் பதிவேடும் நடைபெற்று வருகிறது. மெல்லும் புகையிலையிலுள்ள நைட்ரோசமின்கள் மரபணுவைப் பழுதாக்குவன. வாய்ப்புற்றுக் கட்டிகளில் பி53 மரபணுவின் பழுது அடிக்கடி காணப்படுகிறது. கட்டிகளின் அடையாளம் ஆளுக்கு ஆள் வேறுபடினும், புகையிலை என்னும் காரணம் பொதுவானது. எனவே களப்பணியாளரும் ஆசிரியரும் அதனை விலக்குமாறு அறிவுறுத்துவதோடு, வாயில் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ வெண்படலமோ இருப்பின் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.