நிறுத்தும் வித்தை

வேகமாக ஓட விரும்புவோன் முதலிற் கற்க வேண்டியது நிறுத்தும் வித்தையே. ஜேர்மனியின் நூர்பர்க்றிங் பந்தயப் பாதைக்கு எனது அன்றாடப் பாவனைக் காரை முதன்முறை கொண்டுசென்றபோது இவ்வுண்மையைக் கண்கூடாகக் கண்டேன்.

1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதையின் வடவளையம் ஏறக்குறைய 20.8 கிலோமீற்றர் நீளமுடையது. 1976இல் பந்தய வீரர் நிக்கி லவுடா கடுந் தீக்காயமுற்றதும் இங்கேதான். பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் வேளைகளில், கட்டணஞ் செலுத்திச் சாதாரணக் காரையும் இங்கே ஓட்டலாம்.

புறப்படுமுன் பிரேக் எண்ணெயை மாற்றுவித்தேன். வேகம் இரட்டித்தால் பிரேக் தாங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். அது முழுவதும் வெப்பமாக மாறும். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. புதிதாயின் 230 பாகை செல்சியஸ் வரை கொதியாத 'டொட் 4' வகை, ஈரமேறியபின் 155 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். எழும் ஆவி அழுத்தத்தை விழுங்கும், மிதி தளரும், கார் நில்லாது.

நீண்ட இறக்கங்களில் வேகம் தானே ஏறிற்று; வளைவுதோறும் பிரேக்கை மிதிக்க நேர்ந்தது. ஒரு சுற்று முடிந்ததும் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை எழுந்தது. உள்ளம் மறுசுற்றுக்கு விழைந்தது. ஆயினும் வெளித்தெருவிலே மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிட்டு, கைப்பிரேக்கை இழுக்காது கியரிலே நிறுத்திவைத்தேன்.

பந்தயக் காருக்கு அன்றைய ஓட்டம் போதும். அன்றாடக் காருக்கோ மறுநாட் காலையிற் பிள்ளைகளைச் சுமக்கும் கடமையும் உண்டன்றோ?