சம்பாதிப்பதில் முக்கால் பங்கை விழுங்கும் கம்ப்ரசர்!
காஸ் டர்பைனின் வரவு - செலவுக் கணக்கு

மாத வருமானம் 15,400 ரூபாய். வாடகை, மெஸ், ரயில் பாஸ் என்று 11,400 ரூபாய் போய்விடுகிறது. ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது 4,000 ரூபாய்தான்.

இப்படி ஒருவர் சொன்னால், வெளியூரில் பிழைக்கும் நமக்கு அது புதுக்கதை அல்ல. ஆனால் இது மனிதரின் கணக்கு அல்ல. ஓர் இயந்திரத்தின் கணக்கு! ரூபாய்க்குப் பதிலாகக் கிலோவாட் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

1939-ம் ஆண்டு, சுவிட்சர்லாந்தில் உள்ள நூஷாத்தெல் நகரில், ஊருக்கு மின்சாரம் தருவதற்கென்று உலகின் முதல் காஸ் டர்பைன் அமைக்கப்பட்டது. பிரவுன் பொவேரி கம்பெனியின் தயாரிப்பு. அதன் டர்பைன் தந்த சக்தி 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டைக் கூடவே சுழன்ற கம்ப்ரசர் விழுங்கிவிட்டது. மின்சாரமாகக் கிடைத்தது 4,000 கிலோவாட்.

அதைச் சோதித்துச் சான்று அளித்தவர் 80 வயதான பேராசிரியர் ஸ்டோடோலா. 100 ரூபாய்க்கு எண்ணெய் எரித்தால் சுமார் 17 ரூபாய்க்குத்தான் மின்சாரம் கிடைத்தது. அன்றைக்கு அதுவே பெரிய சாதனை!

கம்ப்ரசர் எதற்கு?

காற்றை அழுத்தி, அதில் எரிபொருளை எரித்தால், சூடான வாயு விரிந்து பாயும். அந்த வேகத்தில் டர்பைனின் பிளேடுகள் சுழலும். காற்றை அழுத்தும் வேலை கம்ப்ரசருடையது. அதைச் சுழற்றுவதும் அதே டர்பைன்தான்.

இந்தச் செலவைத் தாண்டி மிச்சம் பிடிப்பது எளிதாக இல்லை. 1903-ல் நார்வே நாட்டின் எல்லிங் என்ற இன்ஜினீயர் காஸ் டர்பைனில் முதன்முதலாக மிச்சம் காட்டினார். எவ்வளவு தெரியுமா? வெறும் 11 குதிரைச் சக்தி!

மிச்சம் சிறிதாக இருப்பதால், சிறு சிக்கனமும் பெரிய லாபம் தரும். நூஷாத்தெல் கம்ப்ரசர் 5 சதவீதம் குறைவாகச் செலவழித்திருந்தால், 570 கிலோவாட் மிஞ்சியிருக்கும். கிடைக்கும் மின்சாரம் 14 சதவீதம் கூடியிருக்கும்.

சைக்கிள் பம்பு பாடம்

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் காற்று சூடாகிறது. சூடான காற்றை மேலும் அழுத்த அதிக சக்தி வேண்டும். அதனால் சில இயந்திரங்களில் பாதி வழியில் காற்றைக் குளிர வைத்து, மறுபடி அழுத்துகிறார்கள்.

வெயிலும் இதனால்தான் எதிரி. காஸ் டர்பைனின் சக்தியை 15 டிகிரி வெப்பத்தை வைத்தே குறிப்பிடுவது உலக வழக்கம். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். உள்ளே போகும் காற்றில் பனிபோல நீர்த்துளி தெளித்துக் குளிர்விப்பது ஒரு பரிகாரம்.

தூசியும் கடற்காற்றின் உப்பும் பிளேடுகளில் படிந்தாலும் நஷ்டம்தான். கம்ப்ரசரை அவ்வப்போது கழுவுவதும், காற்று வடிகட்டியைத் தவறாமல் மாற்றுவதும் சில்லறை வேலைகள் அல்ல. வீணாகும் எரிபொருளைக் காப்பாற்றும் வேலைகள்.

உருகும் சூட்டில் ஓடுகிறது

வரவைக் கூட்டவும் வழி உண்டு. எவ்வளவு சூட்டில் தொடங்கி எவ்வளவு குளிர்ச்சியில் முடிக்கிறோமோ, அவ்வளவு பலன் என்று பிரான்சின் சாதி கார்னோ 1824-லேயே எழுதினார்.

நூஷாத்தெல் டர்பைனில் நுழைந்த வாயுவின் சூடு சுமார் 550 டிகிரி. இன்றைய பெரிய டர்பைன்களில் 1,600 டிகிரி வரை போகிறது. பிளேடு செய்யும் நிக்கல் உலோகமே உருகிவிடும் சூடு இது! பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் வழியே காற்றைச் செலுத்தியும், மேலே பீங்கான் போன்ற பூச்சு கொடுத்தும் அதைக் காக்கிறார்கள்.

உரண் காட்டும் வழி

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் புகைபோக்கியில் இருக்கிறது. டர்பைனை விட்டு வெளியேறும் புகையே சுமார் 500 டிகிரி சூடு. அதை வானத்தில் விடுவானேன்?

மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள உரணைப் பாருங்கள். 1974-ல் கண்டுபிடிக்கப்பட்ட பம்பாய் ஹை எண்ணெய் வயலின் காஸ் அங்கே கரை சேருகிறது. அதை நம்பி அங்கே காஸ் டர்பைன் மின் நிலையம் அமைந்தது. தலா 108 மெகாவாட் சக்தியுள்ள நான்கு டர்பைன்கள்; மொத்தம் 432 மெகாவாட்.

1994-ல் அவற்றின் புகைச் சூட்டைக் கொண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலா 120 மெகாவாட் தரும் இரண்டு நீராவி டர்பைன்களைச் சேர்த்தார்கள். 432 மெகாவாட் 672 ஆயிற்று. கூடுதலாகக் கிடைத்த 240 மெகாவாட்டுக்குக் கூடுதல் காஸ் வேண்டியதில்லை!

இந்த இரட்டை முறையில்தான் 2016-ல் பிரான்சின் பூஷேன் மின் நிலையம் 62 சதவீதத்தைத் தாண்டியது. 17-லிருந்து 62!

மீதி 38 சதவீதம்? அதில் ஒரு பகுதியை இயற்கை விதி விடாது. ஆனால் காஸ் நமக்கு அளவோடுதான் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்தும் கப்பலில் வாங்குகிறோம். காஸ் போதாமல் நம் நாட்டின் பல காஸ் மின் நிலையங்கள் முழுச் சக்தியில் ஓட முடிவதில்லை. கிடைக்கும் காஸில் ஒவ்வொரு சதவீதமும் அதனால்தான் முக்கியம்.

2024 ஜனவரியில் உரண் வரை மின்சார ரயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது நினைத்துப் பாருங்கள். 240 மெகாவாட்டை அங்கே யாரும் புதிதாகத் தோண்டி எடுக்கவில்லை. வீணாகப் போனதைப் பிடித்து வைத்தார்கள், அவ்வளவுதான். சம்பளம் உயராத மாதத்திலும் ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு அந்த வித்தை தெரியாதா என்ன!