பைப் உடைந்தால் பணம் யார் தருவது?

வாடகை வீட்டில் பைப் ஒழுக ஆரம்பித்தால், பிளம்பருக்குப் போன் போகும் முன்பே வாக்குவாதம் தொடங்கிவிடும். "குடியிருக்கிறது நீங்க, நீங்கதான் பார்த்துக்கணும்" என்பார் வீட்டுக்காரர். "பைப்பு உங்களது, பழசாகி உடைஞ்சதுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்பார் குடித்தனக்காரர். பேச்சு நீளும் நாளெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். ஒழுகும் இடத்தில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். 200 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர், மாதத்துக்கு 860 லிட்டருக்கு மேல். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு ஆளின் பன்னிரண்டு நாள் தண்ணீர் சுவர் ஓரமாகவே போய்விடுகிறது.

யார் செலவு என்பதைச் சட்டம் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையைப் படித்தால், இதை எழுதியவர் வாடகை வீட்டில் இருந்து அனுபவப்பட்டவரோ என்று தோன்றும். தேவைப்படும்போது பைப் மாற்றுவது, பிளம்பிங் வேலை, கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், குழாய் வாஷர், கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர், சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் ஓடும் பைப் வெடித்தால் வீட்டுக்காரர் செலவு. குழாயின் வாஷர் தேய்ந்து சொட்டினால் உங்கள் செலவு. நீங்களே ஆணி அடித்துப் பைப்பை ஓட்டை போட்டிருந்தால் கதை வேறு.

வீட்டுக்காரர் செய்யவேண்டிய ரிப்பேரைச் செய்யாமல் இழுத்தடித்தால், எழுத்தில் தெரிவித்து நியாயமான காலம் பொறுத்திருந்து, வாடகைதாரரே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 'எழுத்தில்' என்பதைக் கவனியுங்கள். மாடிப்படியில் நின்று கத்தியது கணக்கில் வராது. ஒழுகும் இடத்தைப் படம் எடுத்து, தேதியோடு ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது நல்லது. சண்டை முற்றி வீட்டுக்காரர் தண்ணீரையே நிறுத்தினால், அது தனிக் குற்றச்சாட்டு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிட்டு இணைப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவாகியிருக்கவேண்டும். நம் பக்கத்தில் பாதி வீடுகள் வாய்ப்பேச்சில்தான் வாடகைக்குப் போகின்றன. அந்தப் பழக்கத்தால் அதிகம் நஷ்டப்படுவது குடித்தனக்காரர்தான்.

சொந்த வீட்டில் எதிராளி மாறுகிறார்: பைப் விற்ற கடைக்காரர், அல்லது வேலை செய்தவர். பொதட்டூர்பேட்டைக்கு இங்கே ஒரு தனிச் சங்கதி உண்டு. ஊர் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. சாமான் வாங்க நகரிக்கும் புத்தூருக்கும் போய்வருவது சாதாரணம். "கடை ஆந்திராவில் இருக்கிறதே, அங்கே போய் யார் கேஸ் போடுவது" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அங்கே போகவேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, புகார் தருபவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். திருவள்ளூரில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். சில புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது சட்டம். முன்கூடத்தில் நான்கு விசைத்தறி, பின்கட்டில் குடும்பம் என்று இருப்பவர் எந்தப் பக்கம்? கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மீது லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட இயந்திரம் வாங்குபவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். பெரிய அளவில் தொழில் செய்ய வாங்குபவர் அப்படி இல்லை. வழக்குப் போட்ட நிறுவனம் அதனால்தான் தோற்றது. இந்தச் சலுகை 2019 சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் அதில் சுயதொழிலுக்காக 'வாங்கிப் பயன்படுத்திய பொருள்' என்று மட்டுமே இருக்கிறது. பழைய சட்டத்தில் 2002 திருத்தம் சேர்த்திருந்த 'பெற்ற சேவை' இப்போது இல்லை. ஆகவே தறிக்கூடத்துப் பைப்பை உங்கள் பெயரில், உங்கள் பில்லில் நீங்களே வாங்குங்கள். சாமானும் கூலியும் சேர்த்துப் பிளம்பரிடம் மொத்தமாக விட்டால், பிறகு எதைப் பொருள் என்பது, எதைச் சேவை என்பது என்று எதிர்த்தரப்பு இழுக்கும். வீட்டு வேலைக்கும் தறிக்கூட வேலைக்கும் தனித்தனி பில் வாங்குவது இன்னும் பாதுகாப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனி நடத்துபவர்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் மூடியதுதான். அவர்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் சிவில் நீதிமன்றமும்தான்.

பில்லில் என்ன இருக்கவேண்டும்? பைப்பின் மேல் அச்சாகியிருப்பதைப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். தண்ணீருக்கான யு.பி.வி.சி. பைப்புக்கு ஐ.எஸ். 4985, வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப்புக்கு ஐ.எஸ். 15778 என்று தர எண் இருக்கும், கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும். அந்த உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் உண்மையா போலியா தெரிந்துவிடும். கீசர் லைனில் யு.பி.வி.சி. போட்டால் சூட்டில் இளகி வளையும். இரண்டுக்கும் சொல்யூஷனும் வேறு வேறு. ஒரே டப்பாவை எல்லாவற்றுக்கும் தடவுபவர் பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள், தப்பில்லை.

ரிப்பேர் செய்த ஜாயின்ட் மறுபடியும் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ஆக்சா பிளேடால் பைப்பை வெட்டியதும் விளிம்பில் பிசிர் நிற்கும். அதைச் சுரண்டி, உள்ளே சொட்டும் தண்ணீரைத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டுத்தான் சொல்யூஷன் தடவவேண்டும். கேட் வால்வு சரியாக மூடாததால் பைப்பில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்க, ஈரத்தின் மேலேயே தடவிச் சொருகி, ஐந்து நிமிடத்தில் மோட்டாரைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனால் அது நிற்காது. டப்பாவில் எவ்வளவு நேரம் காயவிடவேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். அதுவரை தண்ணீர் விடாதீர்கள். சுவரைப் பூசும் முன் லைனை முழு அழுத்தத்தில் சில மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூசிய பிறகு தெரியும் ஒழுக்குக்கு மறுபடி சுவரை உடைக்கிற கூலி உங்கள் தலையில்தான் விழும். "எத்தனை மாதத்துக்குள் ஒழுகினால் திரும்ப வந்து செய்வீர்கள்" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக முறை என்று சட்டம் சொல்கிறது.

பணத்தை விட உடம்புக்கு வரும் ஆபத்து பெரியது. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. விட்டு விட்டு வருகிற லைனில், தண்ணீர் நின்றதும் பைப்புக்குள் அழுத்தம் குறைந்து, வெடிப்பு வழியாக வெளியிலிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு ஒன்று இருந்தால் போதும், தெரு முழுக்க அது நடக்கும். அந்த மோட்டார் சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும், போடுபவருக்கும் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். அரசுத் தரப்பு மறுத்து, நீர் மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியது. காரணம் எதுவானாலும், தண்ணீர் கலங்கலாகவோ வாடையோடோ வந்தால் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். குழாய்முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது இருக்கவேண்டும். பரிசோதித்துச் சொல்லும்படி பேரூராட்சியிடம் கேட்பது உங்கள் உரிமை.

தெருவில் மெயின் லைன் உடைந்தால் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ரசீது பெறுங்கள். அசையவில்லை என்றால் 'முதல்வரின் முகவரி' குறைதீர் எண் 1100-இல் சொல்லுங்கள். அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்றும் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில், பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்குவது 'பொதுப் பயன்பாட்டுச் சேவை'. அதில் வரும் தகராறுகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. எங்கே, எப்படி என்று 15100-இல் அழைத்துக் கேட்கலாம்.

மின்சாரத்தை மறக்கவேண்டாம். சுவர் ஊறினால் அதே சுவரில் ஓடும் வயரும் நனையும். ஷாக் அடிக்கும் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள், மெயினை இறக்குங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாக இருந்தால், பிளம்பருக்கு அடுத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடைப்பு என்று சொல்லி யாரையும் செப்டிக் டேங்குக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், அவரே சம்மதித்தாலும். அதற்கு 14420-ஐ அழைத்து லாரி வரவழைக்கவேண்டும்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்களிலும் எச்சரிக்கை தேவை. ஊர் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட விளம்பரங்கள் ஏராளம். 'புக்கிங்' என்று பத்து ரூபாய் அனுப்பச் சொல்லி, கூடவே ஏதோ செயலியை இறக்கச் சொன்னால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கும் வங்கிக்கும் சொல்லவேண்டும். ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில்தான்.

எழுத்தில் வைத்துக்கொள்வது பிளம்பருக்கும் தேவை. வேலை முடித்தபின் கூலி தராமல் அலைக்கழிக்கப்படுபவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகமுடியாது, ஏனென்றால் அவர் சேவை கொடுத்தவர். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுப் போடலாம். அங்கேயும் முதலில் கேட்பது என்ன வேலை, எவ்வளவு பேசினீர்கள், எதில் எழுதியிருக்கிறது என்பதைத்தான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பிளம்பர்களும் பதிவு செய்துகொள்ளலாம். ஏணியிலிருந்து விழுந்த பிறகு போய்ப் பதிய முடியாது.